எமர்ஜென்சி பட்டனும் டிரைவ் மின்சாரமும்: வாசகர் கேள்வி பதில்

சொந்தமாக சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வெட்டும் இயந்திரம்) கட்டிவரும் வாசகர்களின் கடிதங்கள் இந்த மாதம் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. மேஜையை நகர்த்தும் பால்ஸ்குரூ, அதை வழிநடத்தும் லீனியர் கைடு, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் என்று தேடித்தேடி வாங்குவதில் காட்டிய பொறுமை பேனல் வயரிங்குக்கு வரும்போது தீர்ந்துவிடுகிறது என்பது கடிதங்களோடு வந்த படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கும், மோட்டார்களை ஓட்டும் மின்னணுப் பெட்டிகளான டிரைவ்களுக்கு மின்சாரம் போகவும் நிற்கவும் வேண்டிய வரிசைக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றின் உடலை வைத்து மூன்று ஆக்ஸிஸ் சிஎன்சி கட்டியிருக்கிறேன். மூன்றுக்கும் 750 வாட் ஏசி சர்வோ (தண்டு எங்கே இருக்கிறது என்பதைத் திருப்பிச் சொல்லும் மோட்டார்). தலையை மேலும் கீழும் நகர்த்தும் இசட் மோட்டாருக்கு மட்டும் பிரேக் உண்டு. எமர்ஜென்சி பட்டனைக் கன்ட்ரோலரின் இன்புட்டில் கொடுத்திருக்கிறேன். அழுத்தினால் எல்லாம் நிற்கிறது. ஆனால் எலக்ட்ரீஷியன் நண்பர், பட்டன் மெயின் சப்ளை மொத்தத்தையும் வெட்ட வேண்டும் என்கிறார். டிரைவ் விற்றவரோ, ஓடிக்கொண்டிருக்கும் சர்வோவின் கரண்ட்டை வெட்டவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– லேத் பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் குறை அதிகம். கன்ட்ரோலர் இன்புட்டுக்கு மட்டும் போகும் பட்டன், நிற்கும்படி கன்ட்ரோலரிடம் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவே. கன்ட்ரோலர் நல்ல நிலையில் இருக்கும்வரை அது கேட்கும். கம்ப்யூட்டர் உறைந்துபோனாலோ, டிரைவை நகரச் சொல்லும் பல்ஸ் (துடிப்பு) கொடுக்கும் போர்டு பழுதானாலோ, தண்டின் இடத்தை அளந்து சொல்லும் என்கோடரின் கேபிள் அறுந்து மோட்டார் தறிகெட்டு ஓடினாலோ கேட்காது. பட்டனைத் தேடிக் கை ஓடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

இயந்திரங்களின் மின்சாதனப் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 என்ற தரநிர்ணயம் நிறுத்தத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. இயக்கும் மின்சாரத்தை உடனே வெட்டிவிடுவது வகை 0. மின்சாரத்தை விட்டுவைத்து, அதைக் கொண்டே மோட்டாரைக் கட்டுப்பாட்டோடு நிறுத்தி, நின்ற பிறகு வெட்டுவது வகை 1. நிறுத்திய பிறகும் மின்சாரத்தை வெட்டாமல் பிடித்து வைத்திருப்பது வகை 2. எமர்ஜென்சி ஸ்டாப் முதல் இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது வகைக்கு அங்கே இடமில்லை. உங்கள் நண்பர் சொல்வது வகை 0. டிரைவ் விற்றவர் மனதில் இருப்பது வகை 1-இன் முதல் பாதி. உங்களுடையதைப் போன்ற மில்லிங் இயந்திரத்துக்கு வகை 1 நல்லது என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் உங்கள் டிரைவின் முகப்பைப் பாருங்கள். பெரும்பாலான ஏசி சர்வோ டிரைவ்களில் மின்சாரம் இரண்டு வழியாக உள்ளே போகும். எல்1, எல்2, எல்3 அல்லது ஆர், எஸ், டி என்று குறித்திருப்பது மோட்டாரை ஓட்டும் மெயின் பவர். எல்1சி, எல்2சி என்றோ சின்ன எழுத்தில் ஆர், டி என்றோ குறித்திருப்பது கன்ட்ரோல் பவர். டிரைவின் மூளைக்கும் டிஸ்பிளேவுக்கும் என்கோடருக்கும் போவது இதுதான். இரண்டையும் ஒரே வயரில் லூப் போட்டு இணைத்துவிடுவது நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கும் பழக்கம்; உங்கள் படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த லூப்பை எடுத்துவிடுங்கள். எமர்ஜென்சி வெட்ட வேண்டியது மெயின் பவரை மட்டுமே. கன்ட்ரோல் பவர் இருந்துகொண்டே இருந்தால் எந்த அலாரத்தால் நின்றது என்பது டிஸ்பிளேயில் அப்படியே நிற்கும். டிரைவ் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுந்து வர வேண்டியதும் இல்லை.

இனி வயரிங். 24 வோல்ட் டிசி தரும் எஸ்எம்பிஎஸ் சப்ளையிலிருந்து ஒரு ஃபியூஸ். அதிலிருந்து எமர்ஜென்சி பட்டன்களின் என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருந்து, அழுத்தினால் திறக்கும்) கான்டாக்ட்கள் வரிசையாக. பிறகு மூன்று டிரைவ்களின் அலாரம் அவுட்புட்டால் இயங்கும் சின்ன ரிலேக்களின் கான்டாக்ட்கள். பிறகு ஒரு ரீசெட் பட்டன். கடைசியில், மெயின் பவரை இணைத்து வெட்டும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் காயில். ரீசெட் பட்டனுக்கு இணையாகக் கான்டாக்டரின் சொந்த என்ஓ (கான்டாக்டர் பிடித்தால் மூடும்) துணைக் கான்டாக்ட்டைக் கொடுத்தால், கையை எடுத்த பிறகும் கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். சங்கிலியில் எங்கே வயர் அறுந்தாலும், டெர்மினல் தளர்ந்தாலும், ஃபியூஸ் போனாலும் கான்டாக்டர் விழுந்துவிடும். என்சி கான்டாக்ட்டை வைப்பதன் காரணமே இதுதான். அழுத்தினால் இணைகிற என்ஓ கான்டாக்ட்டை வைத்து எமர்ஜென்சி செய்தவர்களின் பேனலில், வயர் அறுந்தது பட்டனை அழுத்தும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

கான்டாக்டர் ஒன்று போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்வது அபூர்வமான சங்கதி இல்லை. டிரைவின் உள்ளே உள்ள கப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகும் நொடியில் பாயும் கரண்ட்டே நாளடைவில் அதற்கு வழி செய்யும். ஆகவே இரண்டு கான்டாக்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். இரண்டின் என்சி துணைக் கான்டாக்ட்களையும் ரீசெட் பட்டனோடு வரிசையில் சேருங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது வெட்டும். ஒட்டியதன் என்சி திறந்தே இருப்பதால் மறுமுறை ரீசெட் ஆகாது. கோளாறு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். துணைக் கான்டாக்ட் மெயின் முனைகளோடு கட்டாயமாகச் சேர்ந்து அசையும் ‘மிரர் கான்டாக்ட்’ வகையா என்பதைக் கடையில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே பொருள் இல்லை. இவ்வளவையும் ஒரு சேஃப்டி ரிலே ஒரே டப்பாவில் செய்து தரும். பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய நல்ல சேஃப்டி ரிலேக்களும் விற்பனைக்கு வருகின்றன. சோதித்துப் பார்த்து வாங்கலாம்.

இயந்திரம் எழும் வரிசை இப்படி இருக்க வேண்டும். மெயின் ஸ்விட்ச் போட்டவுடன் 24 வோல்ட்டும், டிரைவ்களின் கன்ட்ரோல் பவரும், கன்ட்ரோலரும் எழும். டிரைவ் தன்னைச் சோதித்து முடித்து அலாரம் இல்லை என்று சொல்லச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் ரீசெட்டை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதைப் பழுது என்று எண்ணி அலாரம் கான்டாக்ட்டை ஷார்ட் செய்துவிடாதீர்கள். சங்கிலி முழுமையான பிறகு ரீசெட்டை அழுத்த, கான்டாக்டர்கள் பிடித்து மெயின் பவர் போகும். டிரைவின் உள்ளே கப்பாசிட்டர்கள் ரெசிஸ்டர் வழியாக மெல்ல சார்ஜ் ஆகும். டிரைவ் ‘ரெடி’ கொடுக்கும். அதன் பிறகே கன்ட்ரோலர் ‘சர்வோ ஆன்’ கொடுக்க வேண்டும். சர்வோ தண்டைப் பிடித்த பிறகே இசட் பிரேக் விட வேண்டும். மெயின் பவரை அடிக்கடி போட்டு அணைப்பது அந்த சார்ஜிங் ரெசிஸ்டரைச் சூடாக்கிக் கொல்லும்; டிரைவ் மேனுவல்கள் இதை எச்சரிப்பதும் அதனால்தான். ஜாப் மாற்றுவதற்கெல்லாம் எமர்ஜென்சியை அழுத்தும் பழக்கம் வேண்டாம்.

நிற்கும் வரிசை இதைத் தலைகீழாகத் திருப்பியது. மேஜை நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 167 மில்லிமீட்டர். டிரைவ் நொடிக்கு நொடி 1,000 மில்லிமீட்டர் என்ற வீதத்தில் வேகத்தைக் குறைத்தால் 0.17 நொடியில், ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும். பட்டனை அழுத்திய அதே கணம் மெயின் பவரை வெட்டினால், மோட்டாரின் சுருள்களை ஷார்ட் செய்து நிறுத்தும் டைனமிக் பிரேக் இல்லாத டிரைவில் மேஜை தன் எடையின் வேகத்தில் உருண்டு, பால்ஸ்குரூவின் உராய்வு எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்கும். எனவே பட்டன் முதலில் ‘விரைவாக நில்’ என்ற கட்டளையை டிரைவுக்குக் கொடுக்கட்டும். அரை நொடி கழித்துக் கான்டாக்டர்கள் விழட்டும். தாமதமாகத் திறக்கும் கான்டாக்ட் உள்ள சேஃப்டி ரிலேயில் இந்த நேரத்தை வைக்க முடியும். கன்ட்ரோலர் செத்தே போயிருந்தாலும் அரை நொடிக்குப் பிறகு மின்சாரம் இல்லை என்பது உறுதி. இரண்டு தரப்பின் வாதமும் அங்கே சமாதானமாகிவிடும்.

இசட் ஆக்ஸிஸுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். மோட்டாரின் பிரேக், 24 வோல்ட் கொடுத்தால் விட்டு, எடுத்தால் ஸ்பிரிங் விசையில் பிடிக்கும் வகை. ஓடுகிற தண்டை நிறுத்த அது செய்யப்பட்டதல்ல. நின்ற தண்டைப் பிடித்து வைக்கவே செய்யப்பட்டது. அது பிடிக்கச் சில பத்து மில்லிசெகண்ட் ஆகும். தடையே இல்லாமல் விழும் பொருள் 50 மில்லிசெகண்டில் 12 மில்லிமீட்டர் இறங்கிவிடும். பால்ஸ்குரூவும் மோட்டாரின் ரோட்டாரும் சேர்ந்து சுழல வேண்டியிருப்பதால் உங்கள் ஸ்பிண்டில் தலை அவ்வளவு இறங்காது. ஆனால் கார்பைடு டூல் உடைய அரை மில்லிமீட்டரே போதும். பிரேக்குக்குக் கட்டளை போன பிறகும் சர்வோ எவ்வளவு நேரம் தண்டைப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கு டிரைவில் ஒரு பாராமீட்டர் உண்டு. மெயின் பவர் அதற்கு முன்பே போய்விட்டால் அந்தப் பாராமீட்டரை நம்ப முடியாது. கான்டாக்டரைத் தாமதமாக விழவைப்பதற்கு இது இரண்டாவது காரணம். பிரேக் காயிலுக்குக் குறுக்கே சாதாரண டயோடு போட்டிருந்தால் காயிலின் கரண்ட் மெல்லவே அடங்கும், பிரேக் பிடிப்பதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். அங்கே, வோல்ட்டேஜ் ஏறினால் மட்டும் கடத்தும் வேரிஸ்டர் போடுங்கள். எமர்ஜென்சிச் சங்கிலியின் ஒரு கான்டாக்ட்டும் பிரேக்கின் 24 வோல்ட்டில் வரிசையாக இருக்க வேண்டும். ஆனால் அதுவும் தாமதமாகத் திறக்கும் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

பட்டனிலிருந்து இப்போது கன்ட்ரோலருக்குப் போகும் அந்த வயரைப் பிடுங்க வேண்டாம். பட்டனின் இரண்டாவது கான்டாக்ட் வழியாக அது இருக்கட்டும். புரோகிராம் நிற்பதற்கும் திரையில் எமர்ஜென்சி என்று தெரிவதற்கும் அது தேவை. எமர்ஜென்சிக்குப் பிறகு எப்போதும் ஹோமிங் (ஆக்ஸிஸ்களைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய் இடத்தைப் புதிதாக நிர்ணயிப்பது) செய்யுங்கள். சர்வோ விட்டிருந்த நேரத்தில் தண்டு அசைந்திருந்தால், பல்ஸ் மட்டும் அனுப்பும் கன்ட்ரோலருக்கு அது தெரியவே தெரியாது.

கேள்வி: தென்னை மரப் பலகையில் வேலை செய்ய படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் வைத்து ரூட்டர் (மரம் செதுக்கும் சிஎன்சி) கட்டினேன். டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், 10,000 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் என்று 48 வோல்ட் சப்ளை. எமர்ஜென்சிக்கு, கப்பாசிட்டரிலிருந்து டிரைவ்களுக்குப் போகும் பிளஸ் வயரை ரிலேயில் வெட்டினேன். டிரைவ்கள் அடுத்தடுத்துப் புகைந்துவிட்டன. டிரைவ்கள் 50 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறது.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: வெட்டிய இடம் தவறு. கப்பாசிட்டருக்கும் டிரைவுக்கும் நடுவில் வெட்டினால் இரண்டு கெடுதல்கள் நேரும். ஓடும் மோட்டார் நிற்கும்போது தன் சக்தியைச் சப்ளைக்குத் திருப்பி அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளப் பெரிய கப்பாசிட்டர் இல்லாததால் டிரைவின் உள்ளே வோல்ட்டேஜ் எகிறும். மீண்டும் இணைக்கும்போது, முழுதாக சார்ஜ் ஆகி நிற்கும் கப்பாசிட்டரிலிருந்து டிரைவின் காலிக் கப்பாசிட்டருக்குத் தடையே இல்லாமல் கரண்ட் பாயும். ரிலே முனையும் பொசுங்கும், டிரைவும் அடி வாங்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில் கான்டாக்டரைப் போட்டு வெட்டுங்கள்.

அப்படி வெட்டினால் கப்பாசிட்டரில் மிச்சம் நிற்குமே என்று கேட்டால், நிற்கும். 48 வோல்ட்டில் உங்கள் கப்பாசிட்டர் வைத்திருப்பது சுமார் 11.5 ஜூல். மோட்டார்கள் இரண்டு ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் கால் நொடியில் அது தீர்ந்துவிடும். டிரைவ் டிசேபிள் ஆகியிருந்தால் தீராது. அதற்காக 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கப்பாசிட்டருக்குக் குறுக்கே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். அது தொடர்ந்து 2.3 வாட் சூடாகும். 30 நொடியில் வோல்ட்டேஜை இரண்டரைக்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

டிரைவ்கள் போனதற்கு மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கலாம். உங்களுடையது ரெகுலேட்டர் இல்லாத சப்ளை. 230 வோல்ட்டில் 48 வருவது, இரவில் லைன் 250-க்கு ஏறினால் 52 ஆகும். டிரைவின் தாங்கு எல்லை 50. செகண்டரியில் 34 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி 28 வோல்ட் தருவதை வாங்குங்கள். 40 வோல்ட் டிசி கிடைக்கும், எல்லா நேரத்துக்கும் அது பாதுகாப்பு. டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போடும் கணத்தில் எம்சிபியை ட்ரிப் செய்தால், பெரிய எம்சிபிக்குப் போகாமல், ஒரு ரெசிஸ்டரை வரிசையில் வைத்துச் சற்று நேரத்தில் ரிலேயால் அதை பைபாஸ் செய்யுங்கள்.

ஸ்டெப்பர் டிரைவை இயங்க அனுமதிக்கும் எனேபிள் டெர்மினலை மட்டும் வைத்து எமர்ஜென்சி செய்யலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான டிரைவ்களில் அந்த டெர்மினலை எதோடும் இணைக்காமல் விட்டால் டிரைவ் ஓடும் நிலையில் இருக்கும். வயர் அறுந்தாலும் ஓடும் என்றுதான் அதற்கு அர்த்தம். எனவே அது எமர்ஜென்சிக்கு உதவாது.

கேள்வி: 2.2 கிலோவாட், 24,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில் வைத்திருக்கிறேன். எமர்ஜென்சியை அழுத்தினால் ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றி ஓட்டும் விஎஃப்டிக்குச் சப்ளை நின்றுவிடுகிறது. ஸ்பிண்டிலோ நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் கான்டாக்டர் போட்டால் உடனே நிற்குமா?
– பெருந்துறை வாசகர்

பதில்: நிற்காது, கரண்ட் போன ஸ்பிண்டில் அப்போதும் தன்பாட்டுக்குச் சுற்றத்தான் செய்யும். அதோடு ஓடும்போது அந்தக் கான்டாக்டர் திறந்தால் விஎஃப்டி பழுதாக வாய்ப்புண்டு. ஸ்பிண்டிலை நிறுத்தக்கூடிய ஒரே பொருள் விஎஃப்டிதான்; அதன் மின்சாரத்தை முதல் கணத்திலேயே பறித்தால் பிரேக்கைப் பறித்ததாகிவிடும். எமர்ஜென்சி அழுத்தியவுடன் ‘ரன்’ இன்புட் திறந்து, விஎஃப்டி வேகத்தைக் குறைத்து நிறுத்தட்டும். நான்கு நொடியில் நிற்கும்படி அமைத்திருந்தால், விஎஃப்டியின் கான்டாக்டர் ஆறாவது நொடியில் விழட்டும். நேரத்தை மிகக் குறைத்தால் திரும்பி வரும் சக்தியில் விஎஃப்டி ஓவர்வோல்ட்டேஜ் காட்டி ட்ரிப் ஆகும். ட்ரிப் ஆனால் ஸ்பிண்டில் மறுபடியும் சும்மா சுற்றும். பிரேக்கிங் ரெசிஸ்டர் போட இடமுள்ள விஎஃப்டியாக இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ட்ரிப் ஆகாத குறைந்தபட்ச நேரத்தைச் சோதித்துக் கண்டுபிடியுங்கள். ஆக்ஸிஸ்கள் எப்படியும் ஸ்பிண்டிலுக்கு முன்பே நின்றுவிடும். அதுதான் சரியான வரிசையும். டூல் நின்ற பிறகு மேஜை நகர்ந்தால் டூல் உடையும்.

கேள்வி: கரண்ட் போய் வந்தபோது என் இயந்திரத்தில் ஸ்பிண்டில் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. யாரும் பக்கத்தில் இல்லாததால் தப்பித்தோம். இதற்கு என்ன செய்வது?
– ரிக் வண்டி உதிரிபாகம் செய்பவர், திருச்செங்கோடு

பதில்: உங்கள் கான்டாக்டர் காயிலை ஒரு சாதாரண டாகிள் ஸ்விட்ச்சில் கொடுத்திருக்கிறீர்கள் என்பது படத்தில் தெரிகிறது. தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை பட்டனை அழுத்தினால் பிடிக்கும். கரண்ட் போனால் நோ வோல்ட் காயில் விட்டுவிடும். கரண்ட் வந்தாலும் மறுபடி பச்சையை அழுத்தும்வரை ஓடாது. த்ரீ ஃபேஸ் நள்ளிரவில் வந்தாலும் தண்ணீர் பாய வேண்டும் என்பதற்காக அதில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுக்கொள்கிறோம். தோட்டத்தில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பட்டறையில் அது கூடவே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப்புக்கான ஐஎஸ்ஓ 13850 சொல்வதும் இதைத்தான்: பூட்டி நிற்கும் பட்டனைத் திருகி விடுவித்தால் இயந்திரம் மறுபடி கிளம்ப அனுமதி கிடைக்கலாமே தவிர, அதுவே இயந்திரத்தைக் கிளப்பக்கூடாது. ரீசெட் என்று தனியாக ஒரு பட்டன், இயந்திரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டிரைவ்கள் நேரடி லைனில் இருக்கும்போது இது ஒரு பொறி. கரண்ட் போன நேரத்திலும் மென்பொருள் புரோகிராமை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஸ் நகர்ந்துவிட்டதாகவே அது நம்பும். கான்டாக்டரின் ஒரு என்ஓ துணைக் கான்டாக்ட்டை மென்பொருளின் எமர்ஜென்சி இன்புட்டோடு வரிசையில் சேர்த்துவிட்டால், சப்ளை போன கணமே புரோகிராமும் நின்றுவிடும். அதற்குக் கான்டாக்டரின் 24 வோல்ட்டும் யுபிஎஸ் பக்கம் இல்லாமல், லைன் பக்கமிருந்தே வர வேண்டும்.

கம்ப்யூட்டரின் பாரலல் போர்ட் (பழைய பிரிண்டர் இணைப்பு) வைத்து மாக்3 என்ற சிஎன்சி மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. கம்ப்யூட்டர் எழும் நேரத்தில் போர்ட்டின் பின்கள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிண்டில் ரிலே அப்போதே பிடித்துக்கொள்ளலாம். மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை மட்டும் 12.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை அனுப்பும் ‘சார்ஜ் பம்ப்’ வசதி அதில் உண்டு. அந்தத் துடிப்பைப் பார்த்தால் மட்டுமே அவுட்புட்களைத் திறந்துவிடும் பிரேக்அவுட் போர்டை (கம்ப்யூட்டருக்கும் டிரைவ்களுக்கும் நடுவில் இருக்கும் இணைப்புப் பலகை) வாங்குங்கள். லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளிலும் இதே வசதி இருக்கிறது. சங்கிலியில் கூடுதல் கண்ணியாக அது இருக்கலாம். பட்டனுக்கு மாற்றாக அல்ல.

கேள்வி: உக்கடத்துப் பழைய சாமான் கடையில் காளான் தலை எமர்ஜென்சி ஸ்விட்ச்கள் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தலையை வாங்கலாம், கான்டாக்ட் பிளாக்கைப் புதிதாக வாங்குங்கள். வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட சின்னம் அதன் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை நம்பாமல், முனை ஒட்டியிருந்தாலும் அழுத்தும் விசையே பிரித்துவிடும் என்பதற்கான அடையாளம் அது. பழைய பட்டன்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. பேனல் கதவின் பின்பக்கம் கிளிப்பில் தொங்கும் கான்டாக்ட் பிளாக், அதிர்வில் தலையிலிருந்து கழன்று விழுந்தால் அதன் என்சி மூடியே இருக்கும். சங்கிலி நல்லபடியாக இருப்பதுபோலவே தெரியும். முன்னால் இருக்கும் சிவப்புத் தலையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எதுவும் நிற்காது. கழன்றாலே தானாகத் திறந்துகொள்ளும் பிளாக்குகள் கிடைக்கின்றன. விலை சற்று அதிகம், கொடுக்கத் தகும். சிவப்புத் தலைக்குப் பின்னால் மஞ்சள் தட்டு இருக்க வேண்டும். ரீசெட் பட்டனைச் சிவப்பில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஸ்பிண்டில் ஓடும்போது எமர்ஜென்சி தானாக விழுகிறது. பட்டனை பைபாஸ் செய்தால் நன்றாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: விடக்கூடாது. உங்கள் வயரிங்கில் எமர்ஜென்சி 5 வோல்ட்டில் நேராக போர்டுக்குள் போகிறது, அதன் வயர் ஸ்பிண்டில் கேபிளோடு ஒரே டிரங்க்கிங்கில் ஓடுகிறது. விஎஃப்டியின் இரைச்சல் அதில் ஏறுகிறது. ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை விஎஃப்டியின் எர்த்தில் பிணையுங்கள். எமர்ஜென்சி வயரைத் தனியே, 24 வோல்ட்டில் ரிலேக்குக் கொண்டுவாருங்கள். ரிலே காயில் இரைச்சலுக்கெல்லாம் அசையாது. மென்பொருளுக்குப் போகும் தகவல் வயரில் வேண்டுமானால் சில மில்லிசெகண்ட் வடிகட்டி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லாம் கட்டி முடித்தாயிற்று. சரியாக வேலை செய்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது?
– ஈரோடு வாசகர்

பதில்: டூல் இல்லாமல், ஜாப் இல்லாமல், ஆக்ஸிஸை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அழுத்துங்கள்; பிறகு வேகத்தைக் கூட்டி மீண்டும் செய்யுங்கள். கான்டாக்டர் விழும் சத்தம் மேஜை நின்ற பிறகு கேட்க வேண்டும். முன்பே கேட்டால் தாமதத்தைக் கூட்டுங்கள். ஓடும்போதே மென்பொருளை மூடிப் பாருங்கள், யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். இந்த நிலைகளிலும் பட்டன் மெயின் பவரை வெட்ட வேண்டும். மெயின் ஸ்விட்ச்சை அணைத்து மறுபடி போடுங்கள். ரீசெட் அழுத்தாமல் எதுவும் பிடிக்கக்கூடாது. இசட் தலைக்குக் கீழே மரக்கட்டை ஒன்றைச் சிறிது இடைவெளி விட்டு வைத்து, அழுத்தும்போது தலை எவ்வளவு இறங்குகிறது என்பதை டயல் கேஜில் பாருங்கள்.

ஒட்டிய கான்டாக்டரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைச் சோதிக்க, மெயின் ஸ்விட்ச்சை அணைத்துப் பூட்டிவிட்டு, டிரைவின் ‘சார்ஜ்’ விளக்கு அணைந்த பிறகும் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். ஒற்றை ஃபேஸில் ஓடும் டிரைவின் உள்ளே 325 வோல்ட் டிசி நிற்கும். பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடம்தான். மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒரு கான்டாக்டரின் என்சி துணைக் கான்டாக்ட்டிலிருந்து ஒரு வயரைக் கழற்றுங்கள். பேனலை மூடி, சப்ளை கொடுத்து ரீசெட்டை அழுத்துங்கள். கான்டாக்டர்கள் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அந்த வயர் எங்கோ பைபாஸ் ஆகியிருக்கிறது. இதே சோதனையை இரண்டாவது கான்டாக்டருக்கும் தனியாகச் செய்து, வயரைத் திரும்ப மாட்டிய பிறகு ரீசெட் பிடிக்கிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள்.